இருபதுக்குப் பதினாலு

"மின்சாரம் தாக்கி ஒருத்தன் கீழே கிடக்கிறான். முதல்ல என்ன செய்வே?" என்று கேட்டார் மாஸ்டர் எசென்குல்.

லைன்மேன் ஜோல்தோஷ் கூரையைப் பார்த்தான். சன்னலைப் பார்த்தான். கோப்பையில் மிதந்த தேயிலைத் துணுக்கைப் பார்த்தான்.

"அவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புவேன், மாஸ்டர்."

எசென்குல் கையிலிருந்த ரொட்டி நழுவித் தரையில் விழுந்தது. பதறிப்போய் எடுத்து, நெற்றியில் ஒற்றி, மேசைமேல் வைத்தார்.

"டேய், முதல்ல மின்சாரத்தை நிறுத்தணும்டா!"

"ஆமா, அதையும் செய்யலாம்" என்றான் ஜோல்தோஷ் பெரிய மனதோடு.

எசென்குலுக்குத் தலை சுற்றியது. பாதுகாப்பு விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற ஆள் இவன். போன வருடம் சோதிக்க வந்த அதிகாரி ஒரு விதியின் எண்ணைத் தவறாகச் சொன்னபோது, "மன்னிக்கணும், அது முப்பத்தேழு" என்று திருத்தியவன். அப்படிப்பட்டவன் போன வியாழக்கிழமையிலிருந்து இப்படி ஆகிவிட்டான். அன்று கம்பத்திலிருந்து இறங்கி, யாரோடோ வெகுநேரம் போனில் பேசினான். பேசி முடித்தவன் கைபேசியைப் பையில் போட்டபோது கூடவே மூளையையும் எடுத்துப் போட்டுவிட்டான்போல.

"வீட்ல ஏதாவது சண்டையா?"

"இல்ல மாஸ்டர்."

"காய்ச்சலா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

நன்றாகத்தான் இருந்தான். காலையில்கூட ஏழாம் கம்பத்தில் ஏறி, உடைந்த பீங்கானை மாற்றிவிட்டு, ஒரு குறை சொல்ல முடியாமல் இறங்கினான். கை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. கேள்வி கேட்டால் வாய்தான் வேறு ஊருக்குப் போய்விட்டது.

மலையூரான கோக்-சாயின் மின்பிரிவில் ஒரு காலத்தில் ஏழு லைன்மேன்கள் இருந்தார்கள். ஐந்து பேர் வடக்கே ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் சுவர் பூசுகிறான், இருவர் டாக்சி ஓட்டுகிறார்கள், மற்ற இருவரும் கிடங்கில் பெட்டி தூக்குகிறார்கள். போகுமுன் ஒவ்வொருவனும் தலையைக் குனிந்துகொண்டு எசென்குல் முன்னால் வந்து நின்றான். "போய்யா, உன் பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, தன் கையாலேயே நற்சான்று எழுதிக் கொடுத்தார் அவர். மனைவி புருல்சா வழிக்கு ஒரு பை நிறைய மாவுருண்டை பொரித்துக் கொடுத்தாள். அந்த நற்சான்றுகளின் அழகில் மயங்கி வடக்கே யாரும் ஒருவனையும் திருப்பி அனுப்பவில்லை. ஆறாமவன் ஓய்வு பெற்றுத் தேனீ வளர்க்கப் போனான். மிஞ்சியவன் ஜோல்தோஷ்.

ஆள் தனியாகக் கம்பத்தில் ஏறக்கூடாது என்பது விதி. மேலே ஒருவன், கீழே காவலுக்கு ஒருவன். ஐம்பத்தொன்பது வயதில் எசென்குலின் முழங்கால் நான்காவது படியிலேயே வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆகவே மேலே ஏறுவதற்கு ஜோல்தோஷ், கீழே நின்று பயப்படுவதற்கு எசென்குல் என்று வேலை பிரிந்திருந்தது.

இந்த இருவரை நம்பி மூன்று கிராமங்கள் இருந்தன. அவற்றில் ஒரு பிரசவ விடுதி, அதில் குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்துக் கடிதம் வந்தது. "அறிவுச் சோதனைக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது. தேர்ச்சி பெற்ற லைன்மேன் இல்லாத பிரிவுகள் மூடப்பட்டுப் பக்கத்துப் பிரிவோடு இணைக்கப்படும். மதிப்பெண்களின் அடிப்படையில் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்."

பக்கத்துப் பிரிவு கணவாய்க்கு அப்பால் இருந்தது. நவம்பரில் பனி விழுந்தால் கணவாய் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு இங்கே ஒரு கம்பி அறுந்தால், அந்தக் கண்ணாடிப் பெட்டி வசந்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

'மேல் நடவடிக்கை' என்ற சொல்லை எசென்குல் பதினைந்து முறை படித்தார். படிக்கப் படிக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. வெறும் தேர்ச்சி போதாது, மதிப்பெண் குறைந்தாலும் மூடிவிடுவார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது.

"இருபதுக்கு இருபது எடுக்கணும்டா" என்றார்.

"சரிங்க மாஸ்டர்" என்றான் ஜோல்தோஷ், மாடு தலையாட்டுவதுபோல.

திங்கட்கிழமை எசென்குல் விதிகளைத் தனித்தனிக் காகிதத்தில் எழுதி, ஜோல்தோஷின் கண் படும் இடத்திலெல்லாம் ஒட்டினார். ஏணிப் படிகளில், சர்க்கரை டப்பாவில், கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில். அவனுடைய குல்லாயின் உள்ளேகூட ஒன்று.

மாலையில் சோதித்தார்.

"கம்பத்தில ஏறுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?"

"ரெண்டு கரண்டிக்கு மேல போடக்கூடாது, எறும்பு வரும்."

"அது சர்க்கரை டப்பாவோட மூடியில புருல்சா எழுதினதுடா!"

"எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு மாஸ்டர், கலந்துடுச்சு."

அன்று இரவு புருல்சா கணவரின் புலம்பலைக் கேட்டுவிட்டு முடிவாகச் சொன்னாள். "இது கண் திருஷ்டி. போன வருஷம் அதிகாரியையே திருத்தினான்ல? அன்னிக்கே எவனோ கண்ணு வெச்சிருக்கான். நாளைக்கு நான் வர்றேன்."

மறுநாள் காலை, சட்டியில் ஆர்ச்சா என்கிற மலைமரத்தின் காய்ந்த இலைகளைப் போட்டுப் பற்றவைத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "அலாஸ், அலாஸ், எல்லாத் துன்பத்திலிருந்தும் அலாஸ்" என்று திருஷ்டி மந்திரம் சொல்லி ஜோல்தோஷின் தலையைச் சுற்றிச் சட்டியைக் காட்டினாள். அவன் கண்ணை மூடி, கையைக் கட்டி, நல்ல பிள்ளையாக நின்றான். நறுமணப் புகை மெல்ல மேலே எழுந்தது. எழுந்து, கூரையில் போன வாரம்தான் சோதனைக் குழுவுக்காக மாட்டப்பட்டிருந்த புதிய புகை காட்டும் கருவியைத் தொட்டது.

கருவி அலறியது, அலறலென்றால் அப்படியோர் அலறல். மூன்று தெரு தள்ளியிருந்த கழுதை ஒன்று அதற்குப் பதில் சொன்னது.

எசென்குல் துள்ளி எழுந்தார். முப்பத்திரண்டு வருடம் பாதுகாப்பு கற்பித்த மனிதர். சுவரிலிருந்த தீயணைப்பானைக் கழற்றினார், ஊசியைப் பிடுங்கினார், புகை வந்த திசையைப் பார்த்து அழுத்தினார். புகை வந்த திசையில் புருல்சா நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளைத் தூள் அடங்கியபோது அறையில் ஒரு சிலை நின்றது. அதன் கையில் சட்டி இருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினேன்" என்றது சிலை. "கடைசியில ரொட்டி மாதிரி மாவுல புரட்டி எடுத்துட்டீங்களே!"

இதற்குள் ஜோல்தோஷ் என்ன செய்திருந்தான் தெரியுமா? முதன்மைச் சுவிட்சை இறக்கியிருந்தான். சன்னலைத் திறந்திருந்தான். சட்டியை வாங்கி வெளியே மணலில் கவிழ்த்திருந்தான். புருல்சாவின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், அவள் மூச்சு சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருந்தான். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

எசென்குலின் கண்களில் நீர் வந்தது. கொஞ்சம் தூளால், மிச்சம் மகிழ்ச்சியால்.

"டேய்! இப்ப செஞ்சியே, அதுதான்டா பதினோராம் விதி! வரிசை மாறாம செஞ்சே! சொல்லு, என்ன செஞ்சே?"

ஜோல்தோஷ் யோசித்தான்.

"ஓடினேன், மாஸ்டர்."

அதோடு போகவில்லை. தூள் கணினிக்குள் புகுந்துவிட்டது. எழுத்துப் பலகையில் எதைத் தட்டினாலும் தும்மல்போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. சோதனை நடக்க வேண்டிய கணினி அதுதான். தலைக்கவசங்கள், கயிறுகள், பாதுகாப்புப் பட்டைகள் எல்லாம் பேக்கரியில் வேலை பார்த்ததுபோல வெளுத்துக் கிடந்தன.

புருல்சாவுக்குக் கோபம் ஒரு மணி நேரம்தான் தாங்கும். புதன்கிழமை, "பாவம், என்னாலதானே" என்று வெந்நீரும் சவுக்காரமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எசென்குல் கம்பங்களைப் பார்வையிட்டுத் திரும்பியபோது அலுவலகம் புது மணப்பெண்ணின் அறைபோலப் பளபளத்தது. அடுப்புக்குப் பக்கத்தில், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன உயர் அழுத்த வேலைக்கான இரண்டு ரப்பர் கையுறைகள்.

எசென்குல் அருகே போனார். கையுறையைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"புருல்சா… இதுல நீல மையில ஒரு முத்திரை இருந்துச்சே?"

"இருந்துச்சு. என்னா அழுத்தமான கறை! மூணு தடவை தேய்ச்சப்புறம்தான் போச்சு."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, தண்ணீரில் அமிழ்த்தி, மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்து, 'சோதிக்கப்பட்டது' என்று எண்ணும் தேதியும் போட்டு அவர்கள் குத்துகிற முத்திரை அது. எசென்குல் கையுறையின் வாயை இறுகச் சுருட்டிக் காற்றை அமுக்கிப் பார்த்தார். ஓர் ஊசித் துளையும் இல்லை. ஆனால் துளையில்லை என்று அவர் சொன்னால் போதாது, முத்திரை சொல்ல வேண்டும்.

புருல்சாவின் முகம் வாடியது. "தப்பா பண்ணிட்டேனாங்க?"

முப்பத்தைந்து வருடத்தில் நேற்று மாவு பூசியவர் இன்று திட்டவும் செய்தால் இறைவன் பொறுக்க மாட்டான் என்று எசென்குலுக்குத் தோன்றியது. "கையுறை இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல" என்றார். அது உண்மைதான்.

கணவாய்க்கு அப்பாலிருந்த பிரிவின் மாஸ்டர் ஒரோஸ்பாய்க்குப் போன் போட்டார். அங்கே சோதனை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டிருந்தது.

"கையுறை ஒரு ஜோடி கொடுத்து உதவ முடியுமா? வெள்ளி சாயங்காலமே திருப்பி அனுப்பிடறேன்."

"மூணு ஜோடியையும் எடுத்துக்கோ" என்றார் ஒரோஸ்பாய். "போட்டுக்கிற கைதான் இங்க இல்ல."

"உங்க லைன்மேன் பையன் பரீட்சை எப்படி எழுதினான்?"

அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது.

"இருபதுக்கு இருபது, எசென்குல்! இருபதுக்கு இருபது! நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேனே! ஒவ்வொரு கேள்வியா, நானே…"

அதோடு அவர் போனை வைத்துவிட்டார்.

எசென்குல் நெகிழ்ந்து போனார். ஒரு மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய ஆனந்தக் கண்ணீர் என்ன இருக்கிறது! தனக்கும் அப்படி ஒரு விம்மல் கிடைக்க வேண்டும் என்று அன்றைய தொழுகையில் மனம் உருகக் கேட்டுக்கொண்டார்.

பால் லாரியில் வியாழக்கிழமை பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அழகான முத்திரையோடு இரண்டு கையுறைகள். இரண்டும் இடதுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பொட்டலம் கட்டியிருக்கிறார் ஒரோஸ்பாய்.

அன்று மாலை எசென்குல் தன் வாழ்நாளில் நினைக்காத ஒன்றை நினைத்தார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஜோல்தோஷ். கணினி கெட்டுப்போச்சு, கேள்விக்கு நாலு பதிலை அவங்களே வாய்விட்டுப் படிப்பாங்க. சரியான பதில் வரும்போது நான் லேசா இருமுறேன். நீ அதைச் சொல்லிடு."

ஜோல்தோஷ் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு உள்ளங்கால் கூசியது.

"பாவம் இல்லையா மாஸ்டர்?"

"பாவம்தான்."

"நீங்கதானே சொல்வீங்க, பரீட்சையில பொய் சொன்னவன் கம்பத்து மேல போய் அதே பொய்யை நம்பிச் செத்துப்போவான்னு?"

"சொன்னேன்." எசென்குல் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எதுவும் கேட்கலைன்னு நினைச்சுக்கோ."

"நான் எதுவும் காதுல வாங்கலை மாஸ்டர். உங்களுக்குத் தேநீர் ஊத்தட்டுமா?"

அன்று இரவுத் தொழுகை வெகுநேரம் நீண்டது. "இறைவா, என்னை மன்னிச்சுடு. இந்தப் பையனுக்கு நீ கொடுத்த அறிவை எங்கே எடுத்து வெச்சியோ தெரியல. நாளைக்கு ஒரு நாள் மட்டும் திருப்பிக் கொடு."

வெள்ளிக்கிழமை காலை பழுப்பு நிற வேன் ஒன்று முற்றத்தில் வந்து நின்றது. முன்னாலிருந்து குழுத் தலைவி துர்சுனாய் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், களைத்த முகம், கையில் தடித்த கோப்பு. ஓட்டுநர் சாமுதின் இறங்கி, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். பின் கதவு திறந்து ஐந்து ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லாரும் கட்டுமஸ்தான ஆட்கள். எல்லார் முகமும் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் முகம்போல இருந்தது. வேனுக்குள்ளே சுருட்டிய மெத்தைகள் அடுக்கியிருந்தன.

யார் இவர்கள் என்று எசென்குல் கேட்கவில்லை. வந்தவர் வாயில் ரொட்டி போகுமுன் ஊரும் பேரும் கேட்கிற வழக்கம் கோக்-சாயில் கிடையாது. குழுவின் மூட்டை தூக்குகிறவர்களாக இருக்கும் என்று எண்ணி, புருல்சாவிடம், "இன்னும் அஞ்சு கோப்பை வை" என்றார்.

"சாப்பிடுங்க தம்பிங்களா, கூச்சப்படாதீங்க" என்று ஆட்டுக்கறிச் சூப்பைத் தன் கையாலேயே ஊற்றினார்.

ஒருவன் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "எங்க வீட்ல வெக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்துச் சன்னலுக்குச் சன்னல் நடந்தான். "இங்க எங்கயாவது சிக்னல் கிடைக்குமா அண்ணே? பொண்ணுகிட்ட பேசணும்."

ஜோல்தோஷ் அவனைக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போய்ச் சிக்னல் கிடைக்கும் கல்லைக் காட்டிவிட்டு வந்தான். வரும்போது அவன் முகமும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பரீட்சைப் பயம் என்று எசென்குல் நினைத்தார்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கையேந்தி, "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். துர்சுனாய் கருவிகளைப் பார்வையிட எழுந்தாள். ஏணி சரி. பட்டைகள் சரி. கையுறையை எடுத்தாள்.

"முத்திரை எங்கே?"

எசென்குல் ஒரு பொய்யை நாக்கு நுனிவரை கொண்டுவந்தார். நேற்றைய வெட்கம் அதை விழுங்கவைத்தது. புகையிலிருந்து தொடங்கி, மாவிலிருந்து சவுக்காரம் வரை, இரண்டு இடதுகை வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

துர்சுனாய் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"கையுறை முத்திரையைத் துவைச்சுட்டாங்கன்னு அறிக்கை எழுதுறது இதுதான் முதல் தடவை" என்றாள். "வேன்ல ஒரு புது ஜோடி இருக்கு. வெச்சுக்கோங்க. இதை சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்க. அக்கா, நீங்க அழாதீங்க. எங்க ஆபீஸ்ல எதையும் யாரும் கழுவுறதே இல்ல."

கணினி தும்மியதால், பதில்களைப் படித்துக் காட்டாமல் நேராகக் கேட்கும் வாய்மொழிச் சோதனை என்று முடிவாயிற்று.

"இருபது கேள்வி. பதினாலு சரியா இருந்தா தேர்ச்சி" என்றாள் துர்சுனாய். "மாஸ்டர், முதல்ல நீங்க."

கால் மணி நேரத்தில் எசென்குல் இருபதுக்கு இருபது சொன்னார். துர்சுனாயின் களைத்த முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது.

"அற்புதம்! உங்க வயசு என்ன அண்ணே?"

"ஐம்பத்தொன்பது."

விளக்கு அணைந்தது. ஒரு பெருமூச்சோடு கோப்பில் எழுதப்போன பெயரை அடித்துவிட்டாள். "சரி. அடுத்தவர் வரட்டும்."

ஜோல்தோஷ் வந்து உட்கார்ந்தான். எசென்குல் மூலையில் குல்லாயைக் கசக்கியபடி நின்றார். புருல்சா கதவருகே தேநீர்க் கூஜாவோடு.

முதல் கேள்விக்கு ஜோல்தோஷ் சரியாகச் சொன்னான். இரண்டாவதும் மூன்றாவதும் சரி. பத்தாவது கேள்விவரை ஒரு தப்பில்லை. பழைய ஜோல்தோஷ் திரும்பி வந்துவிட்டான்! எசென்குல் உள்ளுக்குள் அழுதே விட்டார். துர்சுனாய் நிமிர்ந்து உட்கார்ந்து, "வயசு?" என்று கேட்டாள்.

"முப்பத்தொண்ணு அக்கா."

"பலே!" என்று அவள் பேனாவை இறுகப் பிடித்தாள். "பதினொண்ணாவது. ரப்பர் கையுறையை எப்பெப்போ சோதிக்கணும்?"

ஜோல்தோஷ் கதவருகே நின்ற புருல்சாவைப் பார்த்தான்.

"அழுக்காகும்போது."

கூஜா மூடி கலகலத்தது.

"பன்னிரண்டு. மின்வேலை நடக்கிற இடத்தில என்ன பலகை தொங்கவிடணும்?"

"'நல்வரவு.'"

"பதிமூணு. இடி மின்னல் வரும்போது கம்பத்து மேல இருந்தா என்ன செய்யணும்?"

"கலிமா சொல்லணும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எதுவும் கிடையாது அக்கா. அதுதான் முதல்ல."

ஆன்மிக அடிப்படையில் இதை மறுக்க முடியாது என்று எசென்குலுக்குத் தோன்றியது. ஆனாலும் அது தப்பு. பதினான்காவது தப்பு. பதினைந்தாவது தப்பு. பதினாறாவது கேள்விக்கு ஜோல்தோஷ் கேள்வியையே திருப்பிக் கேட்டான். அதுவும் தப்பு.

இந்த நேரம் பார்த்து, சுவரிடுக்கில் மிச்சமிருந்த வெள்ளைத் தூள் எசென்குலின் தொண்டையில் ஏறியது. இருமல் வெடித்தது. நேற்று பேசியது நினைவுக்கு வர, இருமலை அடக்கப் பார்த்தார். அடக்கியதில் முகம் பீட்ரூட்டாகி, கண் பிதுங்கி, குல்லாயை வாயில் திணித்துக்கொண்டார்.

"மாஸ்டருக்குத் தண்ணி கொடுங்க" என்ற துர்சுனாய், கோப்பைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "ஜோல்தோஷ், பத்து சரி, ஆறு தப்பு. இன்னும் ஒண்ணு தப்பானா தோல்வி. தெரியுதா?"

"தெரியுது அக்கா."

துர்சுனாய் கோப்பின் பக்கத்தைத் திருப்பினாள்.

பதினேழாவது கேள்வி, மின் இணைப்பைத் துண்டித்தபின் நிலத்தொடர்பு கொடுக்கும் வரிசை பற்றியது. உள்ளதிலேயே கடினமானது. ஜோல்தோஷ் அதை ஆற்றுநீர் ஓடுவதுபோலச் சொன்னான். பதினெட்டு சரி. பத்தொன்பது சரி. இருபதாவது, மின்சாரம் தாக்கியவனுக்கு முதலுதவி.

எசென்குல் கண்ணை மூடிக்கொண்டார். 'வீட்டுக்குச் சொல்லி அனுப்புவேன்' என்ற பதில் காதில் விழக் காத்திருந்தார்.

"முதல்ல மின்சாரத்தை நிறுத்தணும்" என்று தொடங்கி, மூச்சைப் பார்ப்பது, நெஞ்சை அழுத்துவது, எண்ணிக்கை, எல்லாம் சொல்லி, "மருத்துவர் வர்ற வரைக்கும் விடக்கூடாது" என்று முடித்தான் ஜோல்தோஷ்.

துர்சுனாய் அவனை வெகுநேரம் பார்த்தாள். "கடைசி நாலும் எப்படி வந்துச்சு?"

"பயத்துல வந்துடுச்சு அக்கா."

"பதினாலு" என்று எழுதினாள். ஏதோ கைக்கு வந்த பறவை பறந்துவிட்டதுபோல அவள் முகம் இருந்தது. "தேர்ச்சி. சரி… என்ன செய்ய. முடிவு கடிதத்தில வரும்."

கோப்பை மூடிவிட்டு வெளியே போனாள். எசென்குல் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரோஸ்பாயின் பையன் இருபது. நம் பையன் பதினாலு. ஒரு எண் இறங்கியிருந்தால் தோல்வி. 'மேல் நடவடிக்கை' இனி எந்த உருவில் வந்து நிற்கும்?

ஜோல்தோஷை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் தோளில் கை வைத்து, "உன்னால முடிஞ்சதைச் செஞ்சேடா" என்றார். அவன் இடதுகைக் கையுறைகள் இரண்டையும் எடுத்துப் பால் லாரியில் திருப்பி அனுப்பப் பொட்டலம் கட்டத் தொடங்கினான்.

வேன் புறப்படத் தயாரானது. ஐந்து ஆண்களும் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். துர்சுனாய் கிணற்று மேட்டில் நின்று போனில் யாரிடமோ, "இல்லீங்க, இங்க யாரும் தேறல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது எசென்குல் காதில் விழுந்தது. வழிக்கென்று புருல்சா கட்டிக் கொடுத்த ரொட்டியை ஓட்டுநர் சாமுதினிடம் நீட்டினார்.

"தம்பி, நீ அவங்களோட ஊர் ஊரா சுத்துறவன். உண்மையைச் சொல்லிடு. எங்க பிரிவை மூடிடுவாங்களா?"

சாமுதின் ரொட்டியின் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "எதுக்கு மூடணும் அண்ணே? தேர்ச்சியான ஆள் ஒருத்தர் இருக்காரே, அது போதும்."

"அப்புறம் ஏன் யாரும் தேறலன்னு சொல்றாங்க? பதினாலுங்கறதாலயா? ஒரோஸ்பாய் பிரிவு மாதிரி இருபது எடுத்திருந்தா…"

"ஒரோஸ்பாய் பிரிவைத்தான் மூடுறாங்க. ஆள் இல்லையே."

"இருபது எடுத்த பையன் இருக்கானே!"

"இதோ இருக்கார்" என்று சாமுதின் கட்டைவிரலால் பின்னால் காட்டினான். சன்னலோரத்தில், சூப்பைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

சாமுதின் சுற்றிலும் பார்த்துவிட்டு, வண்டியை முடுக்கிக்கொண்டே குனிந்து சொன்னான்:

"தலைநகர்ல ஆளே இல்ல அண்ணே, பதினெட்டுக்கு மேல வாங்குற வயசுப் பசங்களைக் கையோட கூட்டிட்டுப் போயிடறோம், உங்க ஜோல்தோஷ் போன வாரம் வியாழக்கிழமையே, போன வருஷம் நான் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு, 'எத்தனை தப்பாச் சொன்னா தேர்ச்சியும் ஆவேன், வண்டியிலயும் ஏத்த மாட்டீங்க'ன்னு விசாரிச்சுட்டு, 'மாஸ்டர் காதுக்கு மட்டும் போயிடக்கூடாது, நீ நல்லா இருக்கணும்டான்னு சொல்லி அவரே என்னை ஏத்தி விட்டுடுவார்'னு சத்தியம் வாங்கிக்கிட்டார்."